பருத்தி விற்க ஆதார் கேட்கிறார்கள், சரி. அப்புறம் அந்த விவரம் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கபாஸ் கிசான்' செயலி பற்றி நான் பார்த்த செய்திகள் எல்லாமே எப்படிப் பதிவு செய்வது, என்னென்ன ஆவணம் வேண்டும், கடைசித் தேதி எது என்பதோடு முடிந்துவிடுகின்றன. பதிவு செய்ததற்கு அப்புறம் நம் விவரம் யார் கையில் இருக்கிறது, எத்தனை வருஷம் இருக்கும், வேறு யார் பார்க்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் செயலியைத் தெரியாதவர்களுக்காக. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய ஜவுளித் துறை அமைச்சர் இதைத் தொடங்கிவைத்தார். நடத்துவது அந்த அமைச்சகத்தின் கீழ் வரும் இந்தியப் பருத்திக் கழகம். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கழகத்திடம் பருத்தி போட வேண்டும் என்றால் விவசாயி ஆதார் அடிப்படையில் இதில் தானே பதிவு செய்ய வேண்டும், நில ஆவணம், எவ்வளவு பரப்பில் பருத்தி போட்டிருக்கிறோம் என்பதற்கான சான்று எல்லாம் ஏற்ற வேண்டும், அப்புறம் எந்தக் கொள்முதல் மையத்துக்கு எந்த நாளில் கொண்டுவருகிறோம் என்று முன்பதிவு செய்ய வேண்டும், பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இதில் நல்லது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மையத்து வாசலில் ராத்திரியெல்லாம் காவல் காத்து, காலையில் 'இன்றைக்கு எடை கிடையாது' என்று கேட்டவர்களுக்குத்தான் தேதி முன்கூட்டியே தெரிவதன் அருமை புரியும். பணம் நேராகக் கணக்கில் விழுவதும் நல்லதுதான். விவசாயி பெயரில் வியாபாரியே பருத்தியைப் போட்டு ஆதரவு விலையை அடித்துக்கொண்டு போவதைத் தடுக்க ஏதோ ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதும் நியாயமே. ஆக, ஆதார் கேட்பதோ நிலத்துக்குச் சிட்டா கேட்பதோ என் சண்டை இல்லை.

கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பதுதான் பிரச்சினை. 2025-26 பருவத்துக்கு ஆதரவு விலை நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். அதே 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு எடுத்தது, முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், அப்புறம் டிசம்பர் கடைசி வரை நீட்டினார்கள். நூற்பாலைக்காரர்களுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம், அந்த விவாதம் வேறு. ஆனால் வெளிச் சந்தையில் விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும்போது விவசாயிக்கு இருக்கிற ஒரே பிடி கழகம், கழகத்துக்குப் போக ஒரே வாசல் செயலி. அந்த வாசலில் நின்றுகொண்டு 'நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடாமல் யாரால் திரும்பி வர முடியும்? விற்பனைக் கூடத்து ஏலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வசதி இருக்கிறவர் வேண்டுமானால் தொடாமல் இருக்கலாம்.

அதிலும் அந்தக் கட்டத்தைத் தொடுவது பெரும்பாலும் விவசாயியின் விரலே இல்லை. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 'தானே பதிவு செய்துகொள்ளலாம்' என்பது அறிவிப்பில் படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் அடங்கலை (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற விஏஓ சான்று) படம் எடுத்து, அளவைக் குறைத்து, ஏற்றி, ஓடிபி வந்ததும் அது காலாவதியாவதற்குள் போட்டு முடிப்பார்கள்? பிரவுசிங் சென்டருக்குத்தான் போகிறார்கள். எங்கள் பக்கத்து டவுனில் அப்படி ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடைப் பையன் தன் வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கிறான், திரை வருகிறவர்கள் பக்கமே திரும்பியிருக்கிறது. அதில் வரிசையாக ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், பாஸ்புக் முதல் பக்கம், விஏஓ கையெழுத்துப் போட்ட அடங்கல், மறுபடி ஆதார், மறுபடி பாஸ்புக். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊர் பெயரும் போன் எண்ணும். ஒருவருக்கு ஓடிபி வந்தது, அவர் கடை வாசலில் நின்றே ஆறு இலக்கத்தையும் சத்தமாகப் படித்தார், உள்ளே உட்கார்ந்திருந்த நாலு பேரும் கேட்டார்கள். இன்னொருவரிடம் போன் இல்லை, அதனால் பையன் தன் எண்ணையே போட்டுப் பதிவு செய்தான். அந்த விவசாயிக்கு முன்பதிவுச் செய்தி, பணம் வந்த செய்தி எல்லாம் இனி யாருக்குப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் திருடன் இல்லை. கேட்ட காசுக்கு ஒழுங்காக வேலை செய்கிறவன், கூட்டம் அதிகமான நாளில் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறவன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை நாளைக்கு யாருக்கோ விற்றால்? அந்த போன் தொலைந்தால்? அரசு சர்வரைச் சுற்றி எத்தனை பூட்டுப் போட்டாலும் விவரம் கசிகிற இடம் இந்தக் கடை மேசைதான், அதற்கு எந்தத் திட்டத்திலும் பாதுகாப்பு என்று ஒரு வரி கிடையாது.

இது அரசுக்குத் தெரியாததும் இல்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், இன்டர்நெட் சென்டர் கம்ப்யூட்டரில் ஆதாரைப் பதிவிறக்காதீர்கள் என்று. ஜனங்கள் பயந்துவிடுவார்கள், தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சொன்ன விஷயம் சரியாகத்தான் இருந்தது. அதன்படி நடந்தால் பாதித் திட்டத்துக்கு யாராலும் பதிவு செய்ய முடியாது, அதுதான் சிக்கல்.

சரி, 'விவசாயியிடம் அப்படி என்னய்யா ரகசியம்?' என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். பருத்திக்காரனிடம் இருக்கிற ரகசியம் என்னவென்று சொல்கிறேன். எத்தனை ஏக்கர் போட்டிருக்கிறான், எத்தனை குவிண்டால் வீட்டில் அடைந்து கிடக்கிறது, எந்தத் தேதிக்கு மையத்தில் முன்பதிவு, போன தடவை எவ்வளவு பணம் எந்த நாளில் கணக்கில் ஏறியது. இவ்வளவும் பேரம் பேசுகிற எதிராளிக்குத் தெரிந்தால் பேரமே கிடையாது.

ஓர் உதாரணம். கழகத்தில் ஈரப்பதம் 8 சதவீதம் வரைக்கும் முழு விலை, அதற்கு மேல் போகப் போகப் பிடித்தம், 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள். பனி விழுகிற நாளில் எடுத்த பருத்தி என்றால் 12-ஐத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. அப்படி ஒருவருடைய லோடு திருப்பி அனுப்பப்பட்டது என்று வையுங்கள். வண்டி வாடகை போயாயிற்று, திரும்ப இறக்கிக் காயவைக்க ஆள்கூலி, மறுபடி தேதி கிடைக்க எத்தனை நாள் ஆகுமோ. அந்த நேரத்தில் அவர் நிராகரிக்கப்பட்ட விவரம் வியாபாரியின் போனுக்குப் போனால், அவர் வண்டி ஊர் திரும்புவதற்குள் வழியிலேயே ஆள் நிற்பான், சொல்கிற விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். முன்பெல்லாம் இந்தத் தகவல் மையத்து வாசலில் நிற்கிற இரண்டு தரகர்களுக்குத்தான் தெரியும். இப்போது எல்லா மையத்து விவரமும் ஒரே இடத்தில், பெயர், போன் எண், ஊரோடு சேர்ந்து இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கெல்லாம் அனுமதி? கழக ஊழியருக்கு மட்டுமா, மையம் இயங்குகிற ஜின்னிங் ஆலைக்குமா (பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குகிற ஆலை), செயலியைச் செய்து கொடுத்த நிறுவனத்துக்குமா? ஜின்னிங் ஆலைக்காரர்கள் வெளியில் தாங்களாகவே பருத்தி வாங்குகிறவர்களும்கூட என்பதை மறந்துவிட வேண்டாம்.

கடன் கொடுத்தவர் விஷயம் இன்னும் சங்கடம். விதைக்கும் மருந்துக்கும் உரக் கடையில் கணக்கு வைத்துத்தான் பருத்தி வெள்ளாமையே நடக்கிறது. பணம் எந்த நாளில் ஏறும் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்தால், ஏறிய அன்றே வீட்டு வாசலில் நிற்பார். கடனைக் கொடுக்க வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டிவிட்டு மீதியைக் கடைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது அந்தக் குடும்பத்தின் உரிமை.

வெளியே கசியாமல் அரசின் கையிலேயே இருந்தாலும், விவரம் அரசுக்கு வேறு வேலைக்கும் பயன்படும். 2025 கடைசியில் தெலங்கானாவில் ஏக்கருக்கு 7 குவிண்டால்தான் வாங்குவோம் என்று கழகம் வரம்பு வைத்தபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நாம் ஏற்றிய பரப்பும், நாம் போட்ட எடையும் சேர்ந்துதான் நாளைக்கு நம் மாவட்டத்துக்கு ஒரு சராசரி ஆகும், அந்தச் சராசரி ஒரு வரம்பாக நம்மிடமே திரும்பி வரும். அது தப்பு என்றுகூட நான் சொல்லவில்லை, எதற்கெல்லாம் பயன்படுத்துவோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வாங்கட்டும் என்கிறேன்.

கசிவு என்பது கற்பனையா என்றால், இல்லை. விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை கொடுக்கிற பிஎம் கிசான் திட்டத்து இணையதளத்தின் ஒரு பகுதியில் விவசாயிகளின் ஆதார் எண் வெளியே தெரிந்துகொண்டிருந்ததைக் கேரளத்துப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2022 ஜனவரியில் கண்டுபிடித்து மத்திய அரசின் கணினி அவசரப் பிரிவுக்குச் சொன்னார். சரிசெய்தது மே மாதக் கடைசியில். திட்டத்தில் பதிவாகியிருந்தவர்கள் 11 கோடிக்கு மேல். எத்தனை விவசாயிக்கு 'உங்கள் எண் வெளியே தெரிந்தது' என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது? எங்கள் ஊரில் நான் விசாரித்தவரை ஒருவருக்கும் வரவில்லை. 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்த கோவின் தளத்து விவரங்கள் டெலிகிராமில் வந்தபோதும் தரவுத்தளத்தை யாரும் நேரடியாக உடைக்கவில்லை என்றுதான் பதில் வந்தது. நேரடியாகவோ மறைமுகமாகவோ, வெளியே வந்தது நம் விவரம்.

அந்த விவரம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். கர்நாடகத்தில் 2023-ல் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை எடுத்து நகல் செய்து, ஆதார் எண்ணோடு சேர்த்து, கைரேகை வைத்தால் பணம் எடுக்க முடிகிற மைக்ரோ ஏடிஎம் கருவி வழியாகக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்த கும்பலைப் போலீஸ் பிடித்தது. நிலம் விற்றவர், வாங்கியவர், அவ்வளவுதான் அவர்கள் செய்த பாவம். அப்புறம் பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற போலி ஏபிகே கோப்புகள் (போனில் செயலியை நிறுவுகிற கோப்பு), அதை அமுக்கினால் போனில் வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் இன்னொருவனுக்கும் போகும். பருத்திச் செயலிக்கும் அப்படி ஒரு போலி வர எவ்வளவு நேரம் ஆகும்? நம் பெயர், ஏக்கர், தேதி எல்லாம் சரியாகச் சொல்லி ஒருவன் போன் பண்ணினால் நானே நம்பிவிடுவேன். (ஏமாந்தவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் பணம் பல கணக்கு மாறிவிடும்.)

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்கப்புறம் ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று, அதிலும் நமக்குத் தேவையான முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். செயலி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

அந்தச் சட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 5-வது பிரிவு, என்ன விவரம் எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழ் அதில் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் 7-வது பிரிவுக்கு வாருங்கள். அரசும் அதன் நிறுவனங்களும் மானியம், சலுகை, சேவை வழங்குவதற்காக என்றால், முன்பு எதற்கோ கொடுத்த சம்மதத்தையோ, அறிவிக்கப்பட்ட அரசுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே கிடக்கும் விவரத்தையோ வைத்துக்கொண்டு மறுபடி நம்மைக் கேட்காமலே பயன்படுத்தலாம். 17-வது பிரிவோ, வேலை முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து அரசையும் அதன் நிறுவனங்களையும் விடுவித்துவிடுகிறது. தனியார் கடைக்காரன் அழிக்க வேண்டும், அரசு அழிக்க வேண்டாம்! விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பெரிதாகச் சொன்னார்கள், அந்தப் பணம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. பொதுத்துறை நிறுவனம் தப்புச் செய்து அபராதம் கட்டினால் அரசாங்கத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, பொய்யான புகார் கொடுத்தால் விவசாயிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இதோடு தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வேறு 2025-ல் ஊர் ஊராக முகாம் போட்டுக் கொடுத்தார்கள். அது மத்திய அரசின் வேளாண் தரவுத் திட்டத்தில் ஒரு பகுதி. அந்த எண், பட்டா, பிஎம் கிசான், பயிர்க் காப்பீடு, இப்போது பருத்திக் கொள்முதல், எல்லாம் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டால் ஒரு குடும்பத்தின் முழு வரவு செலவும் ஒரு திரையில் வந்துவிடும். 2021-ல் இந்தத் திட்டத்துக்காக மைக்ரோசாப்ட் நிறுவனத்தோடு வேளாண் அமைச்சகம் ஒப்பந்தம் போட்டபோது விவசாய அமைப்புகளும் டிஜிட்டல் உரிமை அமைப்புகளும் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. அப்போது கேட்ட கேள்விதான் இப்போதும், சம்மதம் எங்கே, கட்டுப்பாடு யாரிடம்?

குத்தகைக்காரர் நிலை இதிலும் மோசம். நிலம் ஒருவர் பெயரில், வெள்ளாமை இன்னொருவருடையது, வாய்மொழிக் குத்தகை. செயலிக்காக நில உரிமையாளரின் ஆவணத்தை வாங்கி ஏற்ற வேண்டும் என்றால் இரண்டு குடும்பத்து விவரமும் உள்ளே போகிறது, உரிமையாளரோ 'குத்தகை என்று எங்கேயாவது பதிவாகிவிடுமோ' என்று பயந்து ஆவணமே கொடுப்பதில்லை. அவருடைய பயத்துக்கும் காரணம் இந்த விவரம் எங்கே போகும் என்று தெரியாததுதான்.

ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஎம் கிசான் பயனாளிகள் பட்டியலை ஊர்வாரியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால்தான் செத்தவர் பெயரில் பணம் போவதைக்கூட ஊர்க்காரர்கள் கண்டுபிடிக்க முடிகிறது. மையவாரியாக எத்தனை குவிண்டால் வாங்கினார்கள், எத்தனை லோடு நிராகரித்தார்கள், எத்தனை நாளில் பணம் போட்டார்கள் என்பதைத் தாராளமாக வெளியிடட்டும், அது கழகத்தின் விவரம். என் வீட்டில் இன்னும் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது என் விவரம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செயலியின் முதல் திரையிலேயே, புரிகிற தமிழில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிப் போடட்டும்: இன்னின்ன விவரம் வாங்குகிறோம், இன்னார் பார்ப்பார்கள், ஜின்னிங் ஆலைக்கு இது மட்டும்தான் தெரியும், பருவம் முடிந்து கணக்குத் தணிக்கை ஆனதும் இத்தனை மாதத்தில் அழிப்போம் என்று. சட்டம் விலக்குக் கொடுத்தாலும் அழிக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லையே, கழகம் மனது வைத்தால் போதும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே ஒலிப்பதிவாகவும் வைக்கலாம். முழு ஆதார் எண்ணும் மையத்துச் சீட்டில் அச்சாக வேண்டியதில்லை, கடைசி நாலு இலக்கம் போதும். என் விவரத்தை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதை நானும் பார்க்க ஒரு வசதி வேண்டும். வங்கிக்காரன் அட்டையைத் தேய்த்ததும் செய்தி அனுப்புகிறானே, இது மட்டும் ஏன் முடியாது?

பதிவுக்கு பிரவுசிங் சென்டரை நம்பவிடாமல், பருவம் தொடங்குகிற ஒரு மாதம் விற்பனைக் கூடத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் ஓர் ஊழியரை உட்கார வைத்து, அங்கேயே பதிந்து, நகலை அங்கேயே கிழித்துப் போடட்டும். போன் இல்லாதவருக்கும், ஓடிபி வராதவருக்கும் காகிதத்தில் எழுதிக் கொடுக்க ஒரு வழி திறந்திருக்கட்டும். அந்த வழி இருந்தால்தான் செயலியில் கொடுக்கிற சம்மதத்துக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கும்.

இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பருத்திக் கழகத்துக்கு எழுதி அனுப்பலாம் என்று எங்கள் ஊரில் சில பேர் சேர்ந்திருக்கிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனுவாகக் கொடுக்கப் போகிறோம், ஏனென்றால் மையத்துச் சீட்டு, பதிவு முகாம் போன்றவற்றை மாவட்ட அளவிலேயே சரிசெய்ய முடியும். உங்கள் நிருபர் வழக்கமாக அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்தான், இந்தத் தடவை பருத்தி விலையோடு சேர்த்து இதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பருத்தி விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.